கூட்டருகே கேமரா வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த வேட்டைப் பறவைகளின் படங்களை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் கருந்தோள் பருந்து வெகு நேர்த்தி. ஆனால் பாறை இடுக்கில் இருந்த கூட்டையும் குஞ்சையும் கிட்டப் போய் எடுத்த படத்தை, ஊர் பெயர், குன்றின் பெயரோடு வெளியிட்டிருக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறும் ராஜாளியும் அங்கே வாழ்வது அந்தப் பெருமைக்கு ஒரு காரணம். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் ஊராகத் திரண்டோம். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. சுரங்கத்திடமிருந்து மீட்ட பாறையில், படம் எடுக்க வருகிறவர்களால் ஒரு கூடு கைவிடப்பட்டால் எங்களுக்கு மனசு தாங்காது. இந்த வட்டாரத்தில் கூடு இருக்கும் வேறு சில குன்றுகளையும் அறிவேன். அவற்றின் பெயர்களை வேண்டுமென்றே எழுதவில்லை.

பாறையில் ஆள் ஏறுவதைக் கண்டதும் தாய்ப்பறவை எழுந்து போய்விடும். அது திரும்பும்வரை முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். காக்கைக்கு அந்த நேரம் போதும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதைக்கூட வேட்டை என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. கேமராவோடு போகிற பலருக்கு இது தெரியாது.

படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிராமத்துச் சாலையில் காருக்குள் இருந்தபடியே எடுப்பதைப் போல நல்ல வழி வேறு இல்லை. மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் பருந்து காரைப் பார்த்து அவ்வளவாக மிரளாது. கதவைத் திறந்து ஆள் இறங்கினால்தான் பறக்கும். எட்டத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஒரு துணிப்பையில் அரிசியோ பயறோ நிரப்பி ஜன்னலில் வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்கிக்கொண்டால் ஆடாமல் எடுக்கலாம். காலையில் வெயில் ஏறி வெப்பக்காற்று மேலெழும்பும்வரை பெரிய கழுகுகள் உட்கார்ந்தேதான் இருக்கும். அந்த நேரத்தில் விரட்டினால், காற்றின் துணையில்லாமல் சிறகை அடித்தடித்துப் பறக்க வேண்டும். இரை தேட வைத்திருந்த தெம்பு அதிலேயே போய்விடும். பறக்கும் படம் வேண்டும் என்று ஹாரன் அடிப்பதும் கல் எறிவதும் கொடுமை. கோழிக்குஞ்சைக் கட்டிவைத்து வரவழைப்பது அதைவிடக் கொடுமை.

குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருநெல்வேலி, தூத்துக்குடி கரிசல் பக்கம் இவை பகலெல்லாம் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் புல்வெளியில் தரையிலேயே கூட்டமாகத் தங்கும். அந்தப் புல்லுக்குள் ஜீப்பை விட்டால் மொத்தக் கூட்டமும் இருட்டில் கலைந்து போகும். சாலையில் நின்றே பார்க்கலாம், அந்தி வெளிச்சத்தில் அவை தாழப் பறந்து வருவதே கண்கொள்ளாக் காட்சி.

தங்களிடம் கேட்பது இரண்டு. கூட்டின் படம் வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியிட வேண்டாம். மற்ற படங்களுக்கு மாவட்டத்தின் பெயர் மட்டும் போதும். எவ்வளவு தொலைவிலிருந்து, எப்படி எடுத்தார்கள் என்பதையும் கேட்டு வாங்கி, படத்தின் கீழே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மேலூர், மதுரை மாவட்டம்.