அம்பது வார்த்தை கணக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போறவங்களுக்கு டிப்ஸ் போட்டிருந்தீங்க, அதுல தினம் 50 வார்த்தை மனப்பாடம் பண்ணுங்கன்னு ஒரு வரி, படிச்சதும் சிரிப்பா வந்துச்சு, கொஞ்சம் கோவமும்தான். நானும் நர்ஸ்தாங்க. நைட் டியூட்டி முடிச்சு வந்து அதே மாதிரி அம்பது அம்பதா உருப்போட்டவ. ஜெர்மன் பரீட்சைல முதல் படியான ஏ1க்கு உள்ள லிஸ்ட்ல மொத்தமே சுமார் 650 வார்த்தை, ரெண்டு வாரத்துல முடிஞ்சிடணும்ல? முடிச்சேன். மூணாவது வாரம் முதல் பக்கத்த திருப்புனா வேற யாரோட நோட்டோ மாதிரி இருக்கு.

வார்த்தை மட்டும் தெரிஞ்சாலும் பத்தாது. நமக்கு மனுஷங்க, சாமி தவிர மிச்சமெல்லாம் அஃறிணை, ‘அது’ன்னுட்டு போயிடலாம். ஜெர்மன்ல பொருளோட பேருக்கு முன்னாடி டெர், டீ, டாஸ்னு ஒண்ணு சேர்க்கணும், ஸ்பூன் ஆம்பளை, டெர் லோஃபல். முள்கரண்டி பொம்பளை, டீ காபல். கத்தி ரெண்டும் இல்ல, டாஸ் மெஸ்ஸர். சரி போகட்டும்னா, பொண்ணுங்கற வார்த்தைக்கும் டாஸ்தான் போடணுமாம், இத எங்க போய் சொல்றது!

கடைசில கை கொடுத்தது ஒரு பழைய ஸ்வீட் பாக்ஸ். உள்ள அட்டை வச்சு அஞ்சு தடுப்பு, வீட்ல கெடந்த கல்யாணப் பத்திரிகைய எல்லாம் துண்டு போட்டு, பிள்ளையார் படத்துக்கு மேலயே ஸ்கெட்ச்ல தமிழ் அர்த்தம், பின்னாடி வெத்துப் பக்கத்துல டெர், டீ, டாஸோட வார்த்தை. சரியா சொன்னா அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், அத மூணு நாள் கழிச்சு எடுப்பேன், அதுக்கடுத்தத வாரம் கழிச்சு. தப்புன்னா எங்க இருந்தாலும் மறுபடி முதல் தடுப்பு. முள்கரண்டி மட்டும் ஆறு தடவ திரும்பி வந்துச்சு. இது ஒண்ணும் என் ஐடியா இல்ல, லைட்னர்ங்கறவர் 1972லயே சொன்னது. அதுக்கும் முன்னாடி 1885ல எப்பிங்ஹவுஸ்னு ஒருத்தர் அர்த்தமே இல்லாத அசைகள தானே உருப்போட்டு, எவ்வளவு சீக்கிரம் மறக்குதுன்னு கணக்கெடுத்து புக்கே போட்டுட்டாரு. ரெண்டு பேருமே ஜெர்மன் பேசறவங்கதான், அவங்க பாஷைக்கு அவங்க மருந்து. இப்ப நாளைக்கு எட்டு புதுசுதான், மிச்ச நேரம் பழசுக்கு.

ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்துல தினம் அஞ்சு இங்கிலீஷ் வார்த்தை போடறீங்க, எம்பையன் கத்தரிச்சு ஒட்டறான், ஆனா ஒரு தடவ வந்த வார்த்தை திரும்ப வந்ததே இல்ல. மூணாம் நாளும் அடுத்த வாரமும் பழசுல ரெண்ட அர்த்தம் போடாம கேள்வியா கேளுங்க, விடைய மறுநாள் போடுங்க. இடம் பத்தலைன்னா ராசிபலன்ல ரெண்டு வரி குறைச்சுக்கலாம், என் ராசிக்கு எப்பவும் அலைச்சல்னுதான் போடறீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நாகர்கோவில்