ஜாதகம் பொருந்திய வெட்பாலை

ரங்கூன்

அன்புள்ள மாணிக்கம்,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மின்சாரம் மட்டும் நலமில்லை, அது நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது.

தேன்மொழி எம்.எஸ்ஸி. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டாள். அது தெரிந்தபின் நம் சுப்பையா சும்மா இருப்பானா? "சொரியாசிஸ் என்ற தோல்நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள்" என்று மோல்மீன் வரை பரப்பிவிட்டான். நீயும் டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு வெட்பாலை இலையை அவித்துக் குடிக்கப்போகிறாயாமே! இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

அவள் செய்தது என்னவென்று முதலில் கேள். தோலில் அழற்சியைத் தூண்டும் புரதங்களின் முப்பரிமாண வடிவங்கள் புரதத் தரவு வங்கியில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெட்பாலை, மஞ்சள், நம் பெண்கள் கல்லில் அரைத்துப் பூசும் தனக்கா மரப்பட்டை, இவற்றில் உள்ள வேதிப்பொருள்களை ஆட்டோடாக் வினா என்ற கணினி நிரல் அந்தப் புரதத்தில் உள்ள குழிக்குள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கும். எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதற்குக் கிலோகலோரிக் கணக்கில் ஒரு எண் தரும். மைனசில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. மின்சாரம் வரும் நள்ளிரவில் எழுந்து அவள் மடிக்கணினியை ஓடவிடுவாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெட்பாலையில் உள்ள இன்டிருபின் என்ற வேதிப்பொருள் பச்சைக் குச்சிகளாகத் திரையில் சுழன்று, குழியின் ஓரத்தில் ஒருக்களித்துப் போய்ப் படுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரைக் கூட்டலாம் என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ஜாதகம்தான் பொருந்தியிருக்கிறது அப்பா, கல்யாணம் நடக்கவில்லை" என்றாள். அந்த நிரலை வெளியிட்டவர்களே தங்கள் கணிப்பில் சுமார் 2.85 கிலோகலோரி பிழை இருப்பதாக 2010ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்களாம். இவளுடைய பட்டியலிலோ முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் அவ்வளவு வித்தியாசமே இல்லை. போதாக்குறைக்கு, பெரிய மூலக்கூறு என்றாலே நிரல் தாராளமாக மதிப்பெண் போடுமாம். ருட்டின் என்ற வேதிப்பொருள் அப்படித்தான் மேலே வந்தது. அதன் மூலக்கூறு எடை 610 டால்டன். 500க்கு மேற்பட்டதைத் தோல் எளிதில் உள்ளே விடாது. இன்டிருபின் 262தான், அந்த வகையில் அது பிழைத்தது.

மூலிகை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இன்டிருபின் உள்ள சீன நீலிப்பொடியைக் களிம்பாக்கி, தைவானில் 42 நோயாளிகளுக்கு உடம்பின் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் மருந்தில்லாத களிம்பையும் 12 வாரம் தடவிப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. மருந்து தடவிய பக்கம் நன்றாகத் தேறியிருந்தது. ஆனால் அது பூசியது, மாணிக்கம், குடித்தது அல்ல! அதே பொடியைக் குடல் புண்ணுக்கென்று உள்ளே சாப்பிட்டவர்களில் சிலருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஏறியதால், 2016இல் ஜப்பான் அரசு எச்சரிக்கை விடுத்தது. நீ விழுங்குவதோ மெத்தோட்ரெக்சேட். அதற்கே கல்லீரலைக் கவனிக்க இரத்தம் எடுக்கிறார்கள். அதன் மேல் கஷாயம் வேறா?

தைலம் பூச ஆசையாக இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பூசு. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுமே, அந்தத் தைலம் ஒரு புட்டி மதுரையிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்தான். உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளைச் சட்டையில் பட்டால் போகாது. உன் தற்பெருமை வேட்டிகளுக்கு நான் பொறுப்பல்ல.

மாத்திரையை நிறுத்தியிருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பார். நீயாக மறுபடி ஆரம்பிக்காதே, அவர் சொல்லும் அளவில் ஆரம்பி. வாரத்துக்கு ஒரு நாள் என்பதை மறந்து தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று தேன்மொழி இரண்டு கோடு போட்டு எழுதச் சொன்னாள். போட்டுவிட்டேன்.

பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு வருகிறாய் அல்லவா? சுப்பையாவும் வருவான். அவனிடம் உன் முழங்கையைக் காட்டாதே, அடுத்த செய்தி மாண்டலே வரை போய்விடும்.

அன்புடன்,
கதிரேசன்