மாவுக்கட்டோடு ஒரு சக்கரப் பலகையும் கொடுங்கள்

குழந்தைகளுக்கு எலும்பு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கும், கட்டுப் போடும் அறையில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

என் மகளுக்கு இடுப்பு மூட்டு விலகியிருப்பது ஒன்றரை வயதில்தான் தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். புதுசா நடக்கிற பிள்ளை அப்படித்தான் நடக்கும் என்று இருந்துவிட்டோம். ஆபரேஷன் முடிந்து நெஞ்சுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு, இரண்டு காலும் தவளை மாதிரி விரிந்தபடி. 6 வாரத்தில் ஒருமுறை மாற்றினார்கள். மொத்தம் 12 வாரம். மூட்டு நன்றாகச் சேர்ந்துவிட்டது, வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது நிறையச் சொன்னார்கள். கால்விரல் நீலம் பாரிக்கிறதா பார்க்கணும், கட்டு நனையக் கூடாது, கால்களுக்கு நடுவே உள்ள கம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. எல்லாம் சரி. அவள் நாள் முழுக்க என்ன செய்வாள் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

இடுப்பில் வைத்தால் கட்டின் விளிம்பு என் விலாவில் குத்தும். சேலைத் தொட்டிலில் கால் அடங்காது. தாத்தா ஆசையாக வாங்கிய நடைவண்டி மூலையில் கிடந்தது. மல்லாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். நான் அவ்வப்போது குப்புறத் திருப்பிப் போடுவேன். முதல் வாரம் பொம்மை எட்டவில்லை என்று அழுதாள். அடுத்த வாரம் பொம்மையைக் கேட்பதையே விட்டுவிட்டாள். ஆபரேஷன் அன்றுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

வழி அடுப்படியில் கிடைத்தது. கேஸ் சிலிண்டர் ஸ்டாண்டைக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன், அதே மாதிரிச் சக்கரம் நாலு வாங்கிவந்து இரண்டடி ப்ளைவுட்டில் முடுக்கினார். மேலே ஸ்பாஞ்ச், அதன்மேல் ரெக்சின். கை தரையை எட்ட வேண்டும், நெஞ்சும் அமுங்கக் கூடாது என்று தலைப்பக்கம் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தோம். குப்புறப் படுக்கவைத்து அகலமான பட்டையால் கட்டினோம். முதலில் பின்னால்தான் போனாள். மூன்றாம் நாள் ஹாலைத் தாண்டி அடுப்படிக்கே வந்துவிட்டாள். பூனைதான் பாவம்.

கட்டு மாற்றப் போனபோது திட்டு விழுமோ என்று பயந்துகொண்டே போட்டோவைக் காட்டினேன். “ஓ, ஸ்கூட்டர் போர்டா, நல்லதும்மா” என்றார் டாக்டர். பெயர்கூட வைத்திருக்கிறீர்கள்! பிறகு ஏன் ஒருவரும் முதல் நாளே சொல்லவில்லை?

மத்திய அரசு உதவி உபகரணம் தரும் திட்டத்துக்கு 40 சதவீத ஊனச் சான்றிதழ் வேண்டும். மூன்று மாதத்தில் கட்டுப் பிரித்து எழுந்து நடக்கப்போகிற பிள்ளைக்கு அது பொருந்தாது. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன். கட்டுப் போடும் அறையில் நாலைந்து பலகை இருக்கட்டும். நூலகப் புத்தகம் மாதிரி கொடுத்து வாங்குங்கள். நடைவண்டி செய்கிற எந்த ஆசாரிக்கும் இது அரை நாள் வேலை. தொடை எலும்பு முறிந்து இதே கட்டோடு போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளையை எப்போது குப்புறப் போடலாம் என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். படிக்கட்டுப் பக்கம் விடாதே, பெரியவர் ஒருவர் கூடவே இரு என்பதையும் பலகையோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் பலகை பரண்மேல் இருக்கிறது. சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, ரெக்சின் மட்டும் மாற்ற வேண்டும். முதல் பலகையாக அதை வைத்துக்கொள்ளுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா