26 வெள்ளி அரிசி ஏன் எப்போதும் கிடைப்பதில்லை

கடைக்கு வரும் அண்ணன், அக்கா, பாட்டி, தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

"ஏம்பா, அந்தப் பத்து கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசி இல்லையா, உள்ளே பதுக்கி வெச்சிருக்கியா?" என்று கேட்பவர்களுக்குக் கல்லாவில் நின்றுகொண்டு, பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது, ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கிளம்பினால் தஞ்சோங் காராங் வயல், அதற்கு மேலே செக்கிஞ்சான். இவ்வளவு பக்கத்தில் நெல் விளைந்தும் நம் கடையில் உள்ளூர் அரிசி இல்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். கணக்கைப் பாருங்கள். உள்ளூர் வெள்ளை அரிசிக்கு நம் மலேசிய அரசாங்கம் வைத்த உச்ச விலை கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு, அதாவது 10 கிலோ மூட்டை 26 வெள்ளி. இது 2008 வாக்கில் வைத்த விலை. நெல்லுக்கான குறைந்தபட்ச விலையோ 2023 கடைசியில் டன்னுக்கு 1,300 வெள்ளி ஆனது, 2025இல் 1,500 ஆனது. விவசாயிக்குக் கிடைக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஒரு டன் நெல்லைக் குத்தினால் சுமார் 600, 650 கிலோ அரிசிதான் தேறும். அப்படியென்றால் ஆலைக்காரருக்கு நெல் வாங்கிய வகையிலேயே கிலோவுக்கு 2 வெள்ளி 30 காசிலிருந்து 2 வெள்ளி 50 காசு வரை போய்விடுகிறது. தவிடு, குருணை விற்றுக் கொஞ்சம் கிடைக்கும், சரி. மிச்சமிருக்கும் அந்தப் பத்து முப்பது காசுக்குள் காயவைத்து, குத்தி, பையில் கட்டி, லாரியில் ஏற்றி, மொத்த வியாபாரி கை மாறி, என் கடைக்கு வந்து, நானும் ஏதோ பார்க்க வேண்டும். யாருக்குக் கட்டுப்படியாகும்?

இறக்குமதி அரிசிக்கு உச்ச விலை கிடையாது, அது வேறு கதை. நாட்டுக்குள் அரிசி இறக்குமதி செய்யும் உரிமை பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குத்தான். 1996இல் அது தனியார்மயமானதிலிருந்து இப்படித்தான், இப்போதைய ஒப்பந்தம் 2031 வரை. அந்த உரிமை சும்மா கொடுத்ததில்லை. அவசரத்துக்கு அரிசி இருப்பு வைக்க வேண்டும், வேறு யாரும் வாங்காத நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டும், விவசாயிகளுக்கான மானியத்தைப் பட்டுவாடா செய்ய வேண்டும். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை ஒரு நிறுவனம் செய்கிறது, கூலியாகத் தனி உரிமை. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் தன் விலையை டன்னுக்கு 2,350இலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. அன்றைக்கு எல்லாரும் 26 வெள்ளி அரிசிப் பக்கம் ஓடினோம், அதோடு அது கடைகளில் காணாமல் போனது. இறக்குமதி விலை பிறகு படிப்படியாக இறங்கிவிட்டது, 26 வெள்ளி அரிசியைத் தேடி ஓடும் பழக்கம் மட்டும் இறங்கவில்லை.

அரசாங்கம் விலையைக் கட்டிப்போட்டால் நிறுவனம் சிக்கனமாக நடக்கும், ஆனால் கட்டுப்படியாகாத அன்று தரம் குறையும், இல்லாவிட்டால் சரக்கே வராது. 'ஆன செலவைத் தந்துவிடுகிறேன்' என்றால் சரக்கு வரும், சிக்கனம் போய்விடும். உண்மையான செலவு நிறுவனத்துக்குத்தான் தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியாது, சிக்கலே அங்கேதான். 2014இல் பொருளாதார நோபல் வாங்கிய பிரெஞ்சுக்காரர் ஜான் தீரோல் இதைத்தான் வருஷக்கணக்காக ஆராய்ந்தார். அவர் அளவுக்கு எனக்குக் கணக்கு வராது, ஆனால் நம் அரிசி விஷயத்தில் இந்த இரண்டில் முதல் வகையைப் பிடித்துக்கொண்டு பதினைந்து வருஷத்துக்கு மேல் எண்ணை மாற்றாமல் வைத்திருக்கிறோம் என்பது மட்டும் தெரிகிறது.

இந்த உச்ச விலையை மீறுகிறோமா என்ற சோதனை எங்கே நடக்கிறது? கடையில். விலை அட்டை தொங்குவது இங்கேதான், பார்க்க எளிது. அரிசி விற்கும் லைசென்ஸ் வேளாண்மை அமைச்சு கொடுப்பது, விலை அட்டையைப் பார்க்க வருவது உள்நாட்டு வாணிப அமைச்சு. வரட்டும், தப்பே இல்லை. ஆனால் மேலே ஒரு மொத்த வியாபாரி, "உள்ளூர் அரிசி வேணுமா, கூடவே இறக்குமதி அரிசியும் இவ்வளவு எடு" என்று போனில் சொல்வதை எந்த அட்டையில் பார்ப்பார்கள்? எடுக்காவிட்டால் அடுத்த லாரி நம் கடையைத் தாண்டிப் போகும். இந்தப் பேச்சு எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அதனால் நாங்கள் செய்வது இதுதான். சரக்கு வாங்கிய பில் ஒவ்வொன்றும் தேதிவாரியாக ஒரு நீலக் கோப்பில் இருக்கிறது, அதிகாரி கேட்டால் அதைத்தான் முதலில் நீட்டுகிறோம். எந்த மாதம் எத்தனை மூட்டை வந்தது, அதோடு வேறு என்ன சரக்கு வந்தது என்று அதிலேயே தெரியும், எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் இல்லை. நீங்களும் கேட்டுப் பார்க்கலாம், மறைக்க ஒன்றுமில்லை.

உள்ளூர் அரிசி வந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டை. 555 புத்தகத்தில் எழுதி வாங்குபவருக்கும் அதே 26 வெள்ளிதான், ரொக்கத்துக்கு ஒரு விலை கடனுக்கு ஒரு விலை கிடையாது. கூடவே சீனி வாங்கு, மாவு வாங்கு என்று சொல்ல மாட்டோம். ஒட்டுக்கடையில் சாப்பாடு விற்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு இறக்குமதி அரிசியில் என்னால் முடிந்த விலை போட்டுத் தருகிறேன்.

பாக்கெட் எண்ணெய்க்கும் இதையே கேட்கிறீர்கள். அது வேறு மாதிரி ஏற்பாடு. கிலோ 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் அந்த எண்ணெய்க்கு, அடக்க விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்கமே கட்டுகிறது, மாதம் 60,000 டன் ஒதுக்கீடு. அதனால் எண்ணெய் ஆலைக்காரருக்கு நட்டமில்லை. ஆனால் வீட்டுக்குப் போக வேண்டியது உணவகத்துக்கும் எல்லைக்கு அப்பாலும் ஓடுகிறது, அதைப் பிடிக்கத்தான் எண்ணெய் விற்பனையைக் கைப்பேசி வழியாகப் பதியும் இந்த இ-கோஸ் ஏற்பாடு எல்லாம். ஊரைச் சுற்றிச் செம்பனையை வைத்துக்கொண்டு எண்ணெய்க்குக் கைப்பேசியை நீட்ட வேண்டியிருக்கிறதே என்று நீங்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான், நானும் சலித்துக்கொள்கிறேன்.

பொன்னி, இட்லி அரிசி, பாஸ்மதிக்கெல்லாம் உச்ச விலை இல்லை, அவை எப்போதும் போல இருக்கும். தீபாவளிப் பலகாரத்துக்குப் பச்சரிசி வேண்டியவர்கள் எத்தனை கிலோ என்று இப்போதே சொல்லிவையுங்கள், மொத்தமாகக் கேட்டால்தான் விலை பேச முடியும்.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடைக்காரர்