வாத்து வாத்தியார் ஆகிறது

அன்புள்ள குண்டூசிக்கு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பாதித் தப்பு உன்னுடையது. வேலையை விடப் போகிறேன் என்று சொன்னபோது போனில் ஒரு பெருமூச்சு விட்டாயே, அது இன்னும் காதில் கேட்கிறது. "39 வயசுல சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தரப் போறியா? உனக்கே ஒழுங்கா வராதேடா" என்றாய். உனக்கு நறுக்கென்று ஒரு பதில் கிடைத்த பிறகுதான் எழுதுவது என்று வீம்பாக இருந்தேன். பதில் கிடைக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி. எனக்கு அ, ஆ ஒழுங்காக வராது.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று மொட்டை சொன்னான். விசாரித்ததாகச் சொல். மொட்டை இன்னும் அந்தப் பணத்தைத் திருப்பித் தரவில்லை, அதுவும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. வகுப்பில் 40 பேர். அதில் ஆண்கள் மூன்று பேர், தலை நரைத்தவன் ஒருவன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். நானும் பெரிய மனிதனாகத் தலையை ஆட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு வாரம் ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு 'அங்கிள்' ஆனேன், இப்போது 'அண்ணா'வாக இறங்கியிருக்கிறேன். வீட்டில் மகள் 'வாத்து வாத்தியார் ஆகிறது' என்று அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அந்தப் பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவே இல்லை. போன தடவை நீ வந்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து அவள் என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் என்ன இருக்கப் போகிறது, கூட்டல் கழித்தல்தானே என்றுதான் நானும் நினைத்தேன். முதல் அடி கரும்பலகையில் விழுந்தது. 14 வருடம் கம்ப்யூட்டரில் தட்டிய கைக்கு எழுத்து மறந்துபோயிருக்கிறது. நான் எழுதும் வரி வலதுபக்கம் போகப் போக மாடி ஏறுகிறது. சாக்பீஸ் கீச்சிடுகிறது. அதைப் பாதியாக உடைத்துச் சாய்த்துப் பிடித்தால் சத்தம் வராது என்று 20 வயதுப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். அதோடு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுத வேண்டுமாம். தினமும் ராத்திரி இரட்டைக்கோடு நோட்டில் காப்பி ரைட்டிங் எழுதுகிறேன். பெரியவள் திருத்துகிறாள். "ழ சரியில்லை, பத்துத் தடவை எழுது" என்று சிவப்பு மையில் போடுகிறாள். அவளுக்கு எப்போது போடப் போகிறேனோ தெரியவில்லை, இப்போதைக்குக் குடும்பத்தில் டீச்சர் அவள்தான்.

அடுத்தது நுண்ணிலைக் கற்பித்தல். 1960களில் அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை இது. ஆறேழு நிமிடத்தில் ஒரே ஒரு திறனை மட்டும் பழக வேண்டும். கேள்வி கேட்பது என்றால் கேள்வி கேட்பது மட்டும்தான். கூடப் படிப்பவர்களே பிள்ளைகளாக உட்காருவார்கள், முடிந்ததும் குறைநிறை சொல்வார்கள், அதைத் திருத்திக்கொண்டு அதே பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். பிள்ளையாக நடி என்றால் இவர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு உற்சாகம் வருகிறதோ! ஆறு நிமிடத்தில் நாலு பேர் "சார், ஒண்ணுக்கு" என்று எழுந்தார்கள். நான் கேள்வி கேட்டேன், பதில் வரவில்லை, நானே சொன்னேன். அடுத்த கேள்விக்கும் நானே சொன்னேன். பயிற்றுநர் அம்மா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "ஒரு கேள்விக்கு ஒரு செகண்டுகூடக் கொடுக்கலையே நீங்க" என்றார்.

மேரி பட் ரோ என்று ஓர் அமெரிக்க அம்மையார் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வியைப் போட்டுவிட்டு ஒரு செகண்டுதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை மூன்று செகண்டாக நீட்டினாலே பதில்கள் நீளுகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று செகண்டு ஒரு காலமா என்று கேட்பாய். 30 ஜோடிக் கண் முன்னால் சும்மா நின்று பார், தெரியும். பள்ளிக்குப் போன முதல் வாரத்தில் நான் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். மூன்று முடிவதற்குள் முன்வரிசைப் பையன் கவலையோடு கேட்டான், "சார், மறந்துட்டீங்களா?"

படிக்க வேண்டிய பெயர்கள் நிறைய. பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி இரண்டு பேருமே 1896-இல் பிறந்தவர்கள். வைகாட்ஸ்கி 37 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எழுதி முடித்த வயதைத் தாண்டியவன் நான், இப்போதுதான் நோட்டுக்கு அட்டை போடுகிறேன். எனக்குப் பிடித்தவர் பியாஜேதான். இளைஞராக இருந்தபோது பாரிஸில் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு வேலையில் இருந்திருக்கிறார். சரியான விடைகளை எண்ணுவதுதான் அங்கே வேலை. இவருக்குக் கண் தப்பான விடைகள்மேல் போய்விட்டது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியாகத் தப்பு செய்கிறார்களே, அப்படியானால் இது முட்டாள்தனம் இல்லை, வேறொரு யோசனை என்று அங்கே பிடித்தவர் கடைசிவரை விடவில்லை.

அவருடைய காசு சோதனையைத் தங்கச்சி பையனிடம் செய்து பார்த்தேன். வயது நாலரை. ஆறு காசு, அதற்கு நேர் எதிரே ஆறு காசு. இரண்டும் சமம் என்றான். ஒரு வரிசையை மட்டும் அவன் கண் முன்னாலேயே அகட்டி வைத்தேன். எதில் அதிகம் என்றதும் அகட்டியதைக் காட்டினான். "எண்ணிப் பாரு." எண்ணினான், ஆறு, இங்கேயும் ஆறு. "இப்ப எதுல அதிகம்?" மறுபடியும் அதையே காட்டினான். "நீளமா இருக்கே மாமா" என்று பரிதாபமாக என்னைப் பார்த்தான். உன் அம்மாவுக்குத் தெரிந்தால் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள், யாரிடமும் சொல்லாதே என்று காசு முழுவதையும் அவனிடமே கொடுத்து அனுப்பினேன்.

இப்போது பள்ளியில் உற்றுநோக்கல் நடக்கிறது. வகுப்பின் மூலையில் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வகுப்பு டீச்சர் சத்தமே போடுவதில்லை. கூச்சல் அதிகமானால் குரலை இன்னும் இறக்குகிறார், பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். 52-இல் 38 போனால் எவ்வளவு என்று கணக்கு. ஒரு பையன் 26 என்று போட்டிருந்தான். நானாக இருந்தால் பெருக்கல் குறி மாதிரி ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்ந்திருப்பேன். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எப்படி வந்துச்சு, சொல்லு" என்றார். "ரெண்டுல எட்டு போகாது டீச்சர், அதான் எட்டுல ரெண்டைப் போக்கினேன். பெருசுலேர்ந்துதானே சின்னதைக் கழிக்கணும், நீங்கதானே சொன்னீங்க" என்றான் அவன். டீச்சர் சிரித்துவிட்டார். "ஆமாம், நான்தான் சொன்னேன்."

அப்புறம் குச்சிகளை எடுத்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட அஞ்சு கட்டு, உதிரியாக ரெண்டு. எட்டு குச்சி கொடு என்றார். பையன் உதிரியைப் பார்த்தான், கட்டைப் பார்த்தான், "பிரிக்கட்டுமா?" என்று கேட்டான். ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றியதும் உதிரி பன்னிரண்டு. எட்டைக் கொடுத்தான், நாலு மிச்சம். மீதி நாலு கட்டில் மூன்றைக் கொடுத்தான். 14. நமக்கு இதையே 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? கடன் பிரிவில் 14 வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன் குண்டூசி, திருப்பிக் கொடுக்கவே வேண்டாத கடன் உலகத்தில் கிடையாது, மொட்டைக்குக் கொடுத்ததைத் தவிர. இங்கே யாரும் கடன் வாங்கவில்லை. நம்மிடம் இருந்த கட்டைத்தான் அவிழ்த்தோம். இது எனக்கு 39 வயதில் தெரிகிறது.

உண்மையில் உனக்கு எழுத உட்கார்ந்த காரணம் இது இல்லை. அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன்.

போன வாரம் இரண்டாம் வகுப்பில் வாசிப்பு. ஒரு சின்னப் பெண், இரட்டைச் சடை, விரலை எழுத்தின் கீழே வைத்துத் தள்ளிக்கொண்டே படிக்கிறாள். 'தொப்பி' வந்தது. நின்றாள். பிறகு "தெ... ர... ப்பி. தெரப்பி" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லையா? மூன்றாம் வகுப்பு. கொக்கு. "கெரக்கு."

நம்மோடு படித்த அந்தப் பையன் கொக்கை ஏன் அப்படிப் படித்தான் தெரியுமா? நீயே அந்த எழுத்தை ஒரு தாளில் எழுதிப் பார். முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். சத்தத்தில் க முதலில் வருகிறது, எழுத்தில் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. கொம்பையும் க-வையும் சேர்த்தால் 'கெ'. மிச்சம் இருக்கும் கால் பார்க்க அச்சு அசல் ர. இடமிருந்து வலமாகப் படி, எதையும் விடாமல் படி என்று நமக்குச் சொன்னார்கள். அவன் அதைத்தான் செய்தான். கொம்பும் காலும் சேர்ந்துதான் ஓர் ஒலி என்று அவனுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. நமக்கும் சொல்லவில்லை, நாம் எப்படியோ பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று தலைகீழாக ஒப்பித்தோமே தவிர, அதற்குள் என்ன நடக்கிறது என்று நான் இந்த மாதம்தான் பார்க்கிறேன். கு, சு, து மூன்றிலும் இருப்பது அதே உகரம்தான், மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. கௌதாரியை ஒரு பிள்ளை 'கெளதாரி' என்று படித்தால் யாரைக் குற்றம் சொல்வது?

அந்த டீச்சர் மூன்று அட்டைகளை எடுத்தார். நடுவில் த. இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். "இவங்க ரெண்டு பேரும் தனித்தனி ஆள் இல்லை. ரெண்டு பக்கமும் கையைப் பிடிச்சுக்கிட்டு வர்ற ஒரே ஆள்" என்றார். கொம்பையும் காலையும் எடுத்துவிட்டு வெறும் த, மறுபடி வைத்துத் தொ. அட்டைகளை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார். அவள் த-வை எடுத்துவிட்டு ப-வை வைத்தாள், "பொ" என்றாள். க-வை வைத்தாள், "கொ". எல்லாம் சேர்த்து அஞ்சு நிமிடம் இருக்குமா? இருக்காது.

அவனுக்கு அந்த அஞ்சு நிமிடம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு பெயர்தான். வைத்தவன் நான். நீங்கள் எல்லோரும் கூப்பிட்டீர்கள், ஆனால் முதலில் கத்தியது நான், வகுப்பு சிரித்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கப்புறம் அவனைப் படிக்கச் சொல்லி எழுப்பினாலே சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அஞ்சாம் வகுப்புக்கு மேல் அவனைப் பார்த்த ஞாபகம் இல்லை. அவன் நின்றது அதனால்தான் என்று சொல்லவரவில்லை, வேறு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனாலும் நான்கு நாளாகத் தூக்கம் சரியில்லை. இனி என் முன்னால் 30 பேர் உட்காருவார்கள். அதில் ஒருத்தி, ஒருவன், சரியான காரணத்தோடு தப்பாகப் படிப்பான். எனக்கு அன்றைக்கு அவசரமாக இருக்கும், பாடம் முடிக்க வேண்டியிருக்கும், தலை வலிக்கும். நான் கவனிப்பேன் என்று என்ன நிச்சயம்? பாடக்குறிப்பில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, இதற்கு இல்லை.

இந்தப் பயத்தைப் பயிற்றுநரிடம் சொன்னேன். "பயப்படுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ரெக்கார்டு நோட்டைத் திருத்தப் போய்விட்டார்.

சம்பளம், எதிர்காலம் பற்றியெல்லாம் நீ கேட்பாய் என்று தெரியும். படிப்பு முடியும்வரை சேமிப்பு தாங்கும். வீட்டுக்காரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள், அவள் கணக்கு எப்போதும் தப்பாது. அதைப் பற்றி வேறு கடிதம் எழுதுகிறேன். இன்று ராத்திரிக்குள் மூன்று பாடக்குறிப்பு முடிக்க வேண்டும், குச்சிக் கட்டும் கட்ட வேண்டும். பத்துப் பத்தாக எண்ணுவதற்கு அம்மா உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கட்டில் பதினொன்று வைத்துவிட்டாள்.

ஒரு உதவி செய். கெரக்கு இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரி. உன் தம்பிக்குத் தெரிந்திருக்கும். அவனுடைய நிஜப் பெயரையும் எழுது. எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. வருகைப்பதிவில் எனக்கு அடுத்து அவனைத்தான் கூப்பிடுவார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உன்,
வாத்து