ஊர்நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்குப் பின்னால் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

பொங்கல் விளையாட்டு, கொடியேற்றம், நோன்புக் கஞ்சிக்கு அரிசி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழுவும் கூடியது.

இந்த ஆண்டின் பெரிய வேலை மருத்துவ முகாம். மண்டபம், பாம்பன் பக்கம் மருத்துவ முகாம்களுக்குப் பஞ்சமில்லை. காலை பத்து மணிக்குப் பந்தல் போட்டால் யார் வருவார்? கடல்பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் கடலில் இருப்பார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு போயும் கையெல்லாம் கீறல், கண்ணில் எரிச்சல். வெள்ளி என்றால் ஜும்ஆ, ஞாயிறு என்றால் பூசை. இலங்கைத் தமிழர் முகாமுக்குள் போக முன் அனுமதி வேண்டும். இதெதுவும் பாராமல் நாள் குறித்துவிட்டு, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

அதனால் ஜமாஅத், பங்குப் பேரவை, மகளிர் குழு, இலங்கைத் தமிழர் முகாம் பெரியவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து நாளைக் கேட்டேன். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-க்குப் பிறகு வைக்கலாம் என்றார்கள் ஆண்கள். பெண்கள் சொன்னது வேறு: நீர் அதிகம் வற்றாத அஷ்டமி, நவமியை ஒட்டி, சாயங்காலம், பெண் மருத்துவரோடு. அஷ்டமியில் நல்ல காரியமா என்று துணைத்தலைவர் இழுத்தார். சர்க்கரை பார்க்க முகூர்த்தம் எதற்கு என்றார் ஓர் அக்கா. அன்று வரிசை தெருமுனை வரை நின்றது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களின் பெயர்களை, 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களிடம் கொடுத்திருக்கிறோம். மேல்சிகிச்சைக்கு ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தவர்களில் பலர் போகவில்லை. பஸ் காசோடு ஒரு நாள் கூலியும் போகிறதே.

முகாமுக்கு உதவ வருவதாக வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் பலர். நாற்காலி தூக்கியது நானும் பொருளாளர் மகனும்தான். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். நல்ல இறால் பாடு கிடைத்த மாதத்திலும் “அப்புறம் பார்ப்போம் அண்ணே” என்ற பதில்தான். பாக்கிப் பட்டியலை இங்கே வாசிக்கவில்லை, பையில் இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சிறிது கையிருப்பு உண்டு. நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது.

மருத்துவர், செவிலியர், பந்தல்காரர், டீ கொடுத்த கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ராமநாதபுரத்துக்கு மாதம் ஒரு வேன் விட எண்ணம். பாக்கி வந்தாலே டீசலுக்கு ஆகிவிடும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே. வேன்காரரிடம் மட்டும் பேசி வைத்துவிட்டேன், முன்பணம் கேட்கிறார்.