வெனிஸில் அம்மாவைத் தாங்கிய கைகளுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இத்தாலியின் வெனிஸில் 400-க்கும் மேல் பாலங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் படியேறி இறங்க வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ள அம்மாவை அங்கே கூட்டிப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆசை தீரச் சுற்றிவிட்டு நல்லபடியாகத் தூத்துக்குடி திரும்பிவிட்டோம். அதில் எங்கள் சாமர்த்தியம் கொஞ்சம்தான்.

முதல் நன்றி வெனிஸுக்குப் பக்கத்து ஊரான பதுவாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தோழியின் சித்தி மகன்; அதற்கு முன் போனில்கூடப் பேசியதில்லை. "அக்கா, அங்க ரோடுன்னா தண்ணிதான். அம்மாவ முடிஞ்சவரைக்கும் தண்ணி வழியாவே கூட்டிட்டுப் போங்க" என்றார். படி ஏறாமல் போகக்கூடிய இடங்களைக் காட்டும் நகராட்சி வரைபடத்தை எடுத்து, எந்தப் படகுத்துறையில் இறங்கினால் எதுவரை பாலம் இல்லாமல் நடக்கலாம் என்று குறித்து அனுப்பினார். ஊரை நாங்கள் பார்த்தது அந்தத் தாளை வைத்துத்தான்.

தங்குமிடத்தைக் கண்டுபிடித்தது தனிக்கதை. வெனிஸில் கதவிலக்கம் தெருவுக்குத் தெரு புதிதாகத் தொடங்காது. ஊர் 6 பகுதிகள். ஒவ்வொரு பகுதி முழுக்க ஒரே வரிசையில் ஆயிரக்கணக்கில் எண் ஓடும். கன்னரேஜியோ என்ற பகுதிப் பெயரும் நாலு இலக்க எண்ணும் மட்டும் கையில் இருக்க, போன் வரைபடம் எங்களை ஒரு முட்டுச்சந்தில் நிறுத்தியது. அங்கே கைவண்டியில் குப்பை சேகரித்துக்கொண்டிருந்த அண்ணன் முகவரித் தாளைப் பார்த்தார், வண்டியை ஓரங்கட்டினார், எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். அவர் வாசலைக் காட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் நன்றி சொல்லவே வாய் வந்தது.

அப்புறம், வாப்பரெட்டோ என்ற பயணிகள் படகில் 1-ஆம் எண் தடத்தின் ஊழியர்கள். பெருங்கால்வாயின் இரு கரையிலும் மாறி மாறி நின்று போகும் நம்மூர் டவுன் பஸ் அது. துறைகள் மிதவை மேடைகள் என்பதால் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். முழங்கால்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. கயிற்றை முளையில் சுற்றிக் கட்டுகிற அவசரத்திலும் ஒருவர்கூட அம்மாவை விரட்டவில்லை. ஏறியதும் இருக்கை காலி செய்து கொடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நன்றி.

சுற்றுலாக்காரர்கள் ஏறும் கொண்டோலா என்ற துடுப்புப் படகில் ஏறவில்லை. அரை மணி நேரத்துக்கு 90 யூரோ என்றதும் அம்மா, "தூத்துக்குடில வள்ளம் பாக்காதவளா நான்?" என்று கிளம்பிவிட்டார். ஆனால் 2 யூரோவுக்கு அக்கரை சேர்க்கும் திராகெட்டோவை விடவில்லை. சாந்தா சோஃபியா துறையிலிருந்து ரியால்ட்டோ மீன் சந்தைக்கு முன்னும் பின்னும் இரண்டு பேர் துடுப்புப் போட்டார்கள். முன்னால் நின்றவர் அம்மாவின் முழங்கையைப் பிடித்து இறக்கி, ஓரத்தில் உட்கார வைத்தார். அந்தப் பிடியில் ஒரு பழக்கம் தெரிந்தது. சந்தைக்குப் போகிற எத்தனை பாட்டிகளை இறக்கி ஏற்றிய கையோ!

அம்மா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. பாண்டிய நாட்டுக்கு வந்து காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் பற்றிச் சொன்ன வெனிஸ்காரர் மார்க்கோ போலோவின் வீடு இருந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். வீடு இப்போது இல்லை; மாலிப்ரான் நாடக அரங்கின் பின்னால் ஒரு கல்வெட்டும், அருகே அவருடைய பயண நூலின் பெயரை நினைவூட்டும் மிலியோன் முற்றங்களும்தான். ரியால்ட்டோ துறையிலிருந்து அங்கே போக ஒரு பாலத்தைத் தவிர்க்க முடியவில்லை. காய்கறிப் பையோடு வந்த ஒரு பெரியம்மா பையை என்னிடம் நீட்டிவிட்டு அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டார். ஒருவர் இத்தாலியனில், இன்னொருவர் தமிழில், இரண்டு பேரும் முழங்காலைப் பற்றிப் பேசியபடியே பாலத்தைக் கடந்தார்கள்.

அன்று மாலை முட்டி வீங்கியபோது கட்டுப்போடக் கற்றுக்கொடுத்த மருந்துக்கடைப் பெண்ணுக்கும், நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்துக் காசு வாங்க மறுத்த வங்காளதேசத்துக் கடைக்காரத் தம்பிக்கும் தனித்தனியே எழுத வேண்டும், முகவரி வாங்கவில்லை.

பதுவாத் தம்பி, லீவுக்கு ஊர் வரும்போது வீட்டுக்கு வராமல் போய்விடாதீர்கள். மக்ரூன் எத்தனை டப்பா வேண்டும் என்று அம்மா இப்போதே கேட்கச் சொல்கிறார்.